கேட்காமல் வந்த இலக்கம்



சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் எமது மத்ரஸாவில் தாய்மாருக்கென ஒரு குர்ஆன் விளக்க வகுப்பு நடந்து வருகிறது. சென்ற ஷஃபான் மாதத்தில் ஸூறா அந்நூரின் 27ஆம் வசனத்துக்கு வந்திருந்தோம். பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமலும் வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமலும் நுழைய வேண்டாம் என்று அல்லாஹ் விசுவாசிகளுக்குக் கட்டளையிடும் வசனம் அது. திரும்பிப் போகுமாறு சொல்லப்பட்டால் மனக்கசப்பின்றித் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்கிறது அடுத்த வசனம். இதனோடு சேர்த்து ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் சம்பவத்தையும் சொன்னேன். நபி (ஸல்) அவர்களின் அறையை ஒரு மனிதர் துவாரத்தினூடாக எட்டிப் பார்த்தார். அப்போது நபியவர்கள் இரும்புச் சீப்பொன்றினால் தலையை வாரிக் கொண்டிருந்தார்கள். நீர் பார்ப்பது எனக்குத் தெரிந்திருந்தால் இதனால் உமது கண்ணிலேயே குத்தியிருப்பேன், அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தினால்தான் என்ற கருத்தில் கண்டித்தார்கள். இது புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி.

வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு சகோதரி திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்: "ஹஸரத், இந்தப் போனும் அப்படி எட்டிப் பார்க்குதா? வங்கிக்கென்று ஒரு கோட் நம்பர் வந்தது. நான் மெஸேஜைத் திறக்கவே இல்லை. அதுக்கு முந்தியே நம்பர் போய்க் கட்டத்துக்குள்ள இருந்திட்டுது. என்ட கடிதத்தை வாசிச்சது ஆரு?"

தாய்மார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் பதில் எனக்குத் தெரியாது. என் தொலைபேசியிலும் அப்படித்தான் நடக்கிறது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் ஆறு இலக்கங்களும் வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன. வேலை மிச்சம் என்று எண்ணி விட்டுவிடுவேனே தவிர, அது எப்படி வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கூறி எழுந்தேன்.

எம்மிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய பிள்ளையொருவர் இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்தவரை வீட்டுக்கு அழைத்து, விறாந்தையில் இருத்தி இரண்டு மணித்தியாலம் பாடம் கேட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மொழியில் உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த இலக்கம் ஏன் வருகிறது? ஒரு செயலியில் தொலைபேசி இலக்கத்தை எழுதுமாறு கேட்கிறார்கள். யாரும் யாருடைய இலக்கத்தையும் எழுதிவிடலாம் அல்லவா? ஆகவே எழுதப்பட்ட இலக்கத்துக்கு அவர்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். அதிலுள்ள எண்ணைத் திருப்பி எழுதிக் காட்டினால், இந்தச் சிம் இவர் கையில்தான் இருக்கிறது என்று ஏற்றுக் கொள்கிறார்கள். ஆறு இலக்கங்களில் 10 இலட்சம் விதமான எண்கள் அமையலாம். எண் செல்லுபடியாவதோ சில நிமிடங்களுக்கு மட்டும். ஒரு சில தடவைகள் பிழையாக எழுதினால் கதவை மூடிவிடுவார்கள். ஆகவே அதை ஊகித்துக் கண்டுபிடிப்பது திருடனுக்கு ஆகாத காரியம். அவனுக்குள்ள இலேசான வழி உங்களிடமே கேட்டு வாங்குவதுதான். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இனி, தானாக நிரம்பும் கதை. ஐபோன்களில் இது 2018ஆம் ஆண்டு வந்தது. குறுஞ்செய்தி வந்தவுடன், எழுத்துகளைத் தட்டும் பலகைக்கு மேலே அந்த எண் தோன்றும். நீங்கள் விரலால் தொட்டால்தான் அது கட்டத்தினுள் செல்லும். செய்தியைப் பார்த்தது தொலைபேசியின் சொந்த ஏற்பாடுதான். நீங்கள் தொடும் வரை செயலிக்கு எதுவும் தெரியாது. வாசலில் நிற்கும் விருந்தாளிக்கு, வீட்டிலிருப்பவர் உள்ளே போய்ப் பொருளை எடுத்து வந்து கொடுப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். விருந்தாளி உள்ளே வரவில்லை.

எம்மில் அதிகமானோரிடம் உள்ளது அன்ட்ரோய்ட் தொலைபேசி. அதில் மூன்று வழிகள் உண்டு, மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது வழியைக் கூகுள் நிறுவனம் 2017இல் கொண்டு வந்தது. இன்றிரவு உங்களுக்கு வந்த பழைய குறுஞ்செய்திகளைத் திறந்து பாருங்கள். சிலவற்றின் அடியில் பொருளே இல்லாத 11 எழுத்துகள் இருக்கும். ஆங்கில எழுத்தும் இலக்கமும் குறியும் கலந்து, பிள்ளை தட்டி விளையாடியது போலத் தெரியும். நான் அதை ஏதோ பிழை என்று எண்ணியிருந்தேன். அது கடித உறையின் மேல் எழுதிய விலாசமாம்! இந்தச் செய்தி இன்ன செயலிக்குரியது என்று அந்த எழுத்துகள் சொல்கின்றன. தொலைபேசிக்குள்ளேயே இருக்கும் கூகுளின் ஏற்பாடு விலாசத்தை ஒப்பிட்டுப் பார்த்து, உரிய செயலியிடம் அந்த ஒரு கடிதத்தை மட்டும் கொடுக்கிறது. உங்கள் மகளின் செய்தியோ கடைக்காரரின் செய்தியோ அதன் கண்ணில் படாது. இந்த வழியில்தான் எண் நாம் தொடாமலே வந்து நிரம்புகிறது. எங்கள் சகோதரிக்கு நடந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி 2019இல் வந்தது. திரையின் கீழிருந்து ஒரு சிறிய பெட்டி எழுந்து, இன்ன செயலி இந்தச் செய்தியை வாசிக்கலாமா என்று கேட்கும். செய்தியையும் காட்டும். சம்மதித்தால் அந்த ஒரு செய்தி மட்டும் போகும், மறுத்தால் போகாது. அழகான இன்னொரு நிபந்தனையும் அதில் உண்டு: செய்தியை அனுப்பிய இலக்கம் உங்கள் தொலைபேசியில் நீங்கள் பெயர் பதிந்து வைத்திருப்பவருடையதாக இருந்தால் அந்தப் பெட்டி எழாது. உங்கள் உறவினர் உங்களுக்கு எழுதியதை ஒரு செயலி கேட்டு வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மார்க்கம் தெரியாத மனிதர்கள்கூடச் சில இடங்களில் எட்டிப் பார்க்காத ஒழுங்கைப் பேணுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவதுதான் எட்டிப் பார்க்கும் வழி. செயலியை இறக்கியதும், உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதிக்கிறீர்களா என்று அது கேட்கும். ஒரு செய்தியையல்ல, வந்ததும் வரப்போவதுமான எல்லாவற்றையும். முன்னர் பல செயலிகள் அந்த ஒரு எண்ணை எடுப்பதற்காகவே இந்த அனுமதியைக் கேட்டு வந்தன. நாமும் கொடுத்து வந்தோம். ஒரு கடிதத்துக்காக வீட்டுச் சாவியையே தபாற்காரரிடம் ஒப்படைத்தது போல. 2018 ஒக்டோபரில் கூகுள் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. குறுஞ்செய்தி அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட செயலிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இனி இந்த அனுமதி என்று அறிவித்து, 2019இன் தொடக்கத்திலிருந்து அதைத் தனது செயலிக் கடையில் நடைமுறைப்படுத்தியது. ஆனால் அந்தக் கடைக்கு வெளியே, வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொள்ளும் செயலிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கல்யாண அழைப்பு, நிவாரணப் பட்டியல், இலவச டேட்டா என்று ஏதோவொரு பெயரில் ஒரு செயலி வந்து, அது உங்கள் குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதி கேட்டால், நீங்கள் செய்ய வேண்டியது ஸூறா அந்நூரின் 28ஆம் வசனத்தில் இருக்கிறது. திரும்பிப் போகச் சொல்லுங்கள்.

அதே ஸூறாவின் 58ஆம் வசனம், வீட்டுக்குள்ளேயே வளரும் பருவமடையாத பிள்ளைகள்கூட ஸுபஹுக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே பெற்றோரிடம் வர வேண்டும் என்கிறது. இன்று உம்மாவின் தொலைபேசி பகலிலும் இரவிலும் பிள்ளையின் கையில். விளையாட்டுச் செயலி எதைக் கேட்டாலும் பிள்ளை 'ஆம்' என்ற இடத்தைத் தட்டுகிறது. அந்த 'ஆம்' உங்கள் பெயரில் பதிவாகிறது, பிள்ளையின் பெயரில் அல்ல. தொலைபேசியின் அமைப்புகள் பகுதியில் எந்தச் செயலிக்குக் குறுஞ்செய்தி அனுமதி உண்டு என்ற பட்டியல் இருக்கும். படித்த மகளை அருகில் வைத்துக் கொண்டு ஒரு தடவை பாருங்கள். தேவையில்லாதவற்றை நிறுத்தலாம், நிறுத்தினால் தொலைபேசிக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட சகோதரிக்கு மனம் ஆறியது. விடயம் அத்துடன் முடிந்தது என்றே நானும் நினைத்திருந்தேன்.

ரமழானின் கடைசிப் பத்தில், அதே வகுப்பில் முன்வரிசையில் இருந்து குறிப்பெடுக்கும் இன்னொரு தாய், தனது மகளையும் கூட்டிக் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனது மனைவியின் அருகில் அமர்ந்து அழுதழுது சொன்னவற்றை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அவருடைய அனுமதியுடனேயே இங்கு எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்.

இரவு தராவீஹ் முடிந்து வந்து தொலைபேசியை எடுத்திருக்கிறார். மதினியின் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு செய்தி. "மதினி, போன் மாத்தப் போய் என்ட நம்பருக்குப் பதிலா உங்கட நம்பரைக் குடுத்திட்டன். ஆறு இலக்கத்தில ஒரு கோட் வரும். கொஞ்சம் அனுப்பி விடுங்களேன்." மதினியின் படம், மதினியின் பெயர், மதினி பேசுவது போலவே பேச்சு. சொன்னபடி எண்ணும் வந்தது. அனுப்பிவிட்டார். அரை நிமிடத்தில் அவருடைய வட்ஸ்அப் அவரை வெளியே தள்ளிவிட்டது.

மதினியின் கணக்கு அன்று பகலே திருடப்பட்டிருந்தது. திருடன் தன்னுடைய தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திறந்து இந்தத் தாயின் இலக்கத்தை எழுதியிருக்கிறான். எண் இவரிடம் வந்தது. இவர் அதை அவனிடம் கொடுத்தார். பிறகு இவருடைய பெயரில், இவருடைய படத்துடன், இவரை அறிந்த எல்லோருக்கும் செய்தி போனது: அவசரமாக 30,000 ரூபா வேண்டும், பெருநாள் கழிந்து தருகிறேன், கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுங்கள். பலர் சந்தேகப்பட்டார்கள். ஒருவர் மட்டும் போட்டுவிட்டார். அவர் ஒரு விதவைத் தாய். கணவர் மௌத்தாகி இத்தா இருந்த நாட்களில் இந்தச் சகோதரிதான் தினமும் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். அந்தக் கடனை அடைக்க அல்லாஹ் தந்த சந்தர்ப்பம் என்றெண்ணி, மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை மகனைக் கொண்டு அனுப்புவித்திருக்கிறார். காலையில் வங்கிக்கு ஓடியபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"ஹஸரத், அந்தக் காசு என்ட கழுத்தில் கடனா? நான் மௌத்தாகினா எனக்கிட்ட கேட்கப்படுமா?" இதுதான் அவருடைய கேள்வி.

பதிலுக்கு முன் ஒரு விடயம். அந்தக் குறுஞ்செய்தியில் இந்த எண்ணை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள். தாய் அதை வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று யோசித்தேன். குறுஞ்செய்தியை வாசித்து, மனதில் வைத்து, கட்டத்தில் எழுதிய காலத்தில் அந்த வரியும் கண்ணில் படும். எண் தானாகவே போய் நிரம்பத் தொடங்கிய பின் நாம் செய்தியைத் திறப்பதே இல்லை. வசதியினால் வந்த நஷ்டம் இது, அதை மறைக்க முடியாது. ஆனால் வசதியையே குறை சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கத்தால் பாருங்கள்.

நீங்களே உங்கள் தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்து, நீங்களே கேட்டு வருவித்த எண், போக வேண்டிய இடத்தை அனேகமாகத் தானே கண்டுகொள்கிறது. பழைய தொலைபேசியாக இருந்தால் நீங்கள் பார்த்து எழுத வேண்டியிருக்கும், அதுவும் உங்கள் கையிலுள்ள திரையில்தான். எந்த மனிதனின் வாயும் காதும் அதற்குத் தேவையில்லை. அந்தத் தாய்க்கு அன்றிரவு வந்த எண் போக இடமில்லாமல் செய்திப் பெட்டியிலேயே கிடந்தது. ஏனென்றால் அதைக் கேட்ட செயலி அவருடைய தொலைபேசியில் திறந்திருக்கவில்லை. திருடனின் தொலைபேசியில் திறந்திருந்தது. தான் கேட்காமல் ஒரு எண் வந்து, அதை ஒரு மனிதர் கேட்கிறார் என்றால், அவர் மதினியாக இருந்தாலும், வங்கி உத்தியோகத்தராக இருந்தாலும், ஏன், மௌலவியாக இருந்தாலும், உங்கள் வீட்டுக் கதவின் வெளியே யாரோ நிற்கிறான் என்றே பொருள். சில வேளை குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பு வந்து இயந்திரக் குரலில் எண்ணைச் சொல்லும். அதுவும் இதே கதைதான்.

இந்த எண்களை வாயால் சொல்லும் பழக்கம் எமது வீடுகளுக்கு எங்கிருந்து வந்தது? திருடன் கற்றுத் தரவில்லை. நாமே பழகிக் கொண்டோம். கணவர் கத்தாரிலோ சவூதியிலோ இருப்பார். அவருடைய இலங்கைச் சிம் வீட்டில் மனைவியிடம் இருக்கும். அங்கிருந்து அவர் வங்கிச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் எண் இங்கு வரும். மனைவி வாசித்துச் சொல்வார். இன்னொரு வீட்டில், உம்மாவின் வங்கிக் கணக்குக்கு மகனின் இலக்கம் கொடுக்கப்பட்டிருக்கும். மகன் வேலைத்தளத்திலிருந்து சொல்வான். இவை மோசடியல்ல, குடும்பத்தின் நம்பிக்கை. ஆனால் வருடக்கணக்காக இப்படிச் சொல்லியும் கேட்டும் பழகிய காதுக்கு, உறவினர் ஒருவர் கோட் கேட்பது புதுமையாகவே தோன்றாது. அந்த இடத்தில்தான் திருடன் வந்து உட்காருகிறான்.

ஆகவே பெண்களின் கணக்குக்குப் பெண்களின் இலக்கத்தையே கொடுங்கள் என்று குடும்பத் தலைவர்களிடம் கேட்டுக் கொள்கிறேன். மனைவியின் செல்வம் மனைவிக்குரியது என்பதில் எமது மார்க்கத்தில் தர்க்கமில்லை. மஹரைக்கூட அவள் மனமுவந்து தந்தால்தான் கணவன் உண்ணலாம் என்று ஸூறா அந்நிஸாவின் 4ஆம் வசனம் சொல்கிறது. தன் சொத்தின் திறப்பு தன் கையில் இருக்கும் பெண்ணுக்கு, இன்னொருவர் அதைக் கேட்கும்போது துணுக்குறும் உணர்வு தானாகவே வரும். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய சிம்மை அவரே வைத்துக் கொள்ளவோ, வங்கியில் வேறு ஏற்பாடு கேட்கவோ முடியும். சிம்மை மாற்றும்போது முதலில் வங்கியில் இலக்கத்தை மாற்றிவிட்டுப் பிறகு பழையதைக் கைவிடுங்கள். பாவிக்காமல் விட்ட இலக்கம் ஒருநாள் வேறொருவருக்கு விற்கப்படும். உங்கள் எண்கள் அவரிடம் போகும்.

திறப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது கஃபாவின் திறப்பு உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. நெருங்கிய உறவினரே அந்தப் பொறுப்பை விரும்பிக் கேட்டும், நபி (ஸல்) அவர்கள் திறப்பை உஸ்மானிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கூறும் ஸூறா அந்நிஸாவின் 58ஆம் வசனம் இச்சந்தர்ப்பத்துடன் தொடர்புடையது என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். இன்றுவரை அந்தத் திறப்பு பனூ ஷைபா குடும்பத்தவரிடமே இருக்கிறது. உறவு என்பது திறப்பைக் கேட்பதற்குக் காரணமாகாது. வகுப்பில் இதைச் சொன்னபோது தாய்மார் அதிக நேரம் மௌனமாக இருந்தார்கள்.

இனி அந்தத் தாயின் கேள்வி. எமது ஃபிக்ஹ் நூல்களில் ஒரு விதி உண்டு. ஒரு நஷ்டத்தை நேரடியாகச் செய்தவனும் அதற்குக் காரணமாக அமைந்தவனும் சேர்ந்து வந்தால், பொறுப்பு நேரடியாகச் செய்தவன் மீதே சாரும். பொய் சொன்னவன் திருடன், பணத்தை எடுத்தவன் திருடன். மறுபக்கத்தில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் போன்ற ஷாஃபிஈ நூல்களில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. அமானிதமாக வைத்த பொருள் இருக்குமிடத்தை ஒருவர் திருடனுக்குக் காட்டிக் கொடுத்தால், அப்பொருளுக்கு அவர் பொறுப்பாளி. பொருளை அதற்குத் தகுதியான காவலில் வைக்காமல் விட்டாலும் அவ்வாறே. அந்தக் காவலுக்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். பணத்துக்குப் பெட்டி, ஆட்டுக்குப் பட்டி, ஒவ்வொன்றுக்கும் வழக்கத்தின்படி ஒரு ஹிர்ஸ். இக்காலத்தில் தொலைபேசியும் ஒரு ஹிர்ஸ் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் விதவைத் தாயின் பணம் இவரிடம் அமானிதமாக இருக்கவில்லை. திருடப்பட்டது இவருடைய பெயர். கேட்டவன் திருடன் என்பதும் இவருக்குத் தெரியாது. ஆகவே சட்டப்படி அந்த 30,000 ரூபாவும் உங்கள் மீது கடனல்ல என்றே எனக்கு விளங்குகிறது என்றேன். என்னுடைய உஸ்தாத் ஒருவரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, "சட்டத்தைச் சொல்லி அனுப்புங்கள். அவருடைய உள்ளம் அதற்கு மேல் ஏதும் செய்ய நாடினால் தடுக்க வேண்டாம்" என்றார். அதேநேரம், இதே சகோதரி ஊர்ப் பெண்களின் சீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வைத்திருந்து, வங்கியின் எண்ணை இப்படிக் கொடுத்து அது போயிருந்தால், எனது பதில் இவ்வளவு இலேசாக இருந்திராது. சீட்டுப் பிடிக்கும் தாய்மார் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

அவருக்குச் செய்து கொடுத்த உதவிகளையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் அவருடைய தொலைபேசியிலேயே வட்ஸ்அப்பை மீண்டும் திறந்து சொந்த இலக்கத்தை எழுதினோம். புதிய எண் அவருக்கே வந்தது. அதை எழுதியவுடன் திருடனின் தொலைபேசியிலிருந்து கணக்கு கழன்றுவிட்டது. திருடன் இரண்டாம் கட்டக் கடவு எண்ணொன்றைப் போட்டு வைத்திருந்தால், அது தெரியாதவர் 7 நாட்கள் காத்திருக்க வேண்டி வரும். ஆனால் அந்நாட்களிலும் திருடன் உள்ளே இருக்க மாட்டான். அல்ஹம்துலில்லாஹ், அவன் போட்டிருக்கவில்லை. நாமே போட்டுக் கொண்டோம். அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் இருக்கிறது. நீங்களே தெரிவு செய்யும் ஆறு இலக்கங்கள். அது இருந்தால் குறுஞ்செய்தி எண்ணை மட்டும் பறித்தவனால் உள்ளே வர முடியாது. 2017இலிருந்து இந்த வசதி இருந்தும் எங்கள் வகுப்பில் இருவர்தான் போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்தால் மூவர் என்று எழுத ஆசை, ஆனால் நானும் அன்றுதான் போட்டேன்.

இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பட்டியலையும் பார்த்தோம், அறிமுகமில்லாத எதுவும் இருக்கவில்லை. பூட்டிய திரையின் மேல் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு மாற்றிக் கொடுத்தாள் மகள். மேசையில் கிடக்கும் தொலைபேசியைக் கடந்து போகிறவர் எண்ணை வாசித்துவிடக் கூடாதல்லவா? பார்வையின் காரணத்தினால்தான் அனுமதி. வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவித்தோம். இணைய மோசடிகளுக்கென்று இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது தண்டனைக்குரிய குற்றம். வெட்கப்பட்டு மறைத்த நேரத்தில்தான் பணம் கை மாறுகிறது. ஏமாந்தது தெரிந்த நிமிடமே வங்கியை அழைத்துவிட வேண்டும்.

பெருநாள் கழிந்து அந்தத் தாய், கடனல்ல என்று நான் சொல்லியும், மாதம் 5,000 ரூபா வீதம் விதவைத் தாயின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். மூன்று மாதம் அவர் வாங்கிக் கொண்டார். நான்காம் மாதம் போனபோது, இருத்தி, தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பணத்தைத் தொடவில்லையாம். "முப்பதில பாதி நீங்க தந்திட்டீங்க. மிச்சம் பாதி என்ட பிழை. உங்கட குரலைக் கேட்காம, ஒரு கோல் எடுக்காம நானும் அனுப்பினேன் தானே."